அம்மாவின் சங்கிலியை வைத்து மொனிட்டர் வாங்கலாமா?

கேள்வி: கொக்குவில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். இந்த வருடம் சம்பளம் ஏறியதால் செலவு போக மாதம் 40,000 ரூபா மிஞ்சுகிறது. அண்ணா வெளிநாடு போக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 4 லட்சம் எடுத்தோம். வட்டி வருடத்துக்கு 18 வீதம். “அடுத்த மாதம் அனுப்புறன்” என்று அண்ணா இரண்டு வருடமாகச் சொல்கிறார். நான் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறேன். தங்கம் விலை ஏறியதால் அதே சங்கிலிக்கு இன்னும் 2 லட்சம் தருவார்களாம். அதில் 34 அங்குல வளைந்த மொனிட்டர் வாங்கலாமா? 27 அங்குலம் 80,000 ரூபா. பழைய 24 அங்குலம் ஒன்றும் மேசையில் இருக்கிறது.

பதில்: தம்பி, மொனிட்டர் வாங்குவதில் பிழையில்லை, அது உங்கள் தொழில் கருவி. விலை ஏற ஏற அதே நகையில் மேலும் மேலும் எடுக்கும் பழக்கம்தான் எனக்குக் கவலை. இரண்டு வருடத்தில் 1,44,000 ரூபா வட்டி போய்விட்டது, வாங்கிய கடனில் ஒரு ரூபா குறையவில்லை. இன்னும் 2 லட்சம் எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 9,000. தங்கம் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்காது. 2013இல் உலகச் சந்தையில் விலை கால்பங்குக்கு மேல் விழுந்தபோது அடகுக்குக் கொடுத்த நம் வங்கிகளே திணறின. அப்படி விலை விழும் நேரத்தில், உச்ச விலைக்குக் கடன் எடுத்துவிட்டு மீட்க வழியில்லாமல் நிற்பது அம்மாவின் சங்கிலியாக இருக்கக் கூடாது.

இனி அந்த வளைந்த திரை. வழக்கமான 34 அங்குலத்தின் பிக்சல் கணக்கு, அதாவது அகலம்×உயரமாகத் திரையில் உள்ள புள்ளிகள், 3440×1440. நல்ல 27 அங்குலத்துக்கு 2560×1440. உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான்! கண்ணுக்குத் தெரியும் நிரல் (கோட்) வரிகள் ஒன்றுகூட அதிகமாகாது, அகலம்தான் கூடும். அந்த அகலத்துக்கு 1,20,000 ரூபா அதிகமா? 165 ஹேர்ட்ஸ் (திரை நொடிக்கு 165 தடவை புதுப்பிக்கப்படும்) என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது கேம் விளையாடுபவர்களுக்கு. அகலம் வேண்டுமென்றால் பழைய 24 அங்குலத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதன் தாங்கி சுழலுமென்றால் நிமிர்த்தியே வைக்கலாம். 1920×1080 திரைக்கு அப்போது 1920 பிக்சல் உயரம் கிடைக்கும், நீளமான லொக் கோப்பு (மென்பொருள் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் கோப்பு) வாசிக்க அருமை. 27 அங்குலத்தில் ஐபிஎஸ் பனலா (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), தாங்கி உயரம் மாறுமா என்று பார்த்து வாங்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும்.

இரண்டு மாத மிச்சத்தில் அந்த 27 அங்குலத்தைக் கைக்காசாக வாங்கிவிடலாம். மூன்றாம் மாதத்திலிருந்து 40,000 முழுவதும் அடகுக்கு. முதல் மாதம் வட்டி 6,000 போக 34,000 கடனில் கழியும். பிறகு வட்டி குறைந்துகொண்டே வரும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். பகுதி பகுதியாகக் கட்டுவதற்கான நடைமுறையை வங்கியில் இப்போதே கேட்டு வையுங்கள், புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அண்ணாவிடம் 4 லட்சத்தையும் ஒரேயடியாகக் கேட்டால் மறுபடியும் “அடுத்த மாதம்” என்றுதான் சொல்வார். மாதம் 15,000 என்று ஒரு தொகை சொல்லுங்கள், திகதியும் சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், நகை அவருடையது.