ஒரு பிக்குவுக்கு ஏழு வீடு

கேள்வி: பௌத்தத்தை வேரறுத்த திபெத்திய மன்னர் லாங்தர்மாவின் பாவம்தானே திபெத்தியப் பேரரசைக் கவிழ்த்தது?

பதில்: பாவக் கணக்கு கிடக்கட்டும், வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். அவருக்கு முன் ஆண்ட சகோதரர் ரல்பாச்சென், ஒரு பிக்குவைப் பராமரிக்க ஏழு குடும்பங்களை ஒதுக்கினார் என்கிறது திபெத்திய மரபு. ஆயிரம் பிக்குகளுக்கு ஏழாயிரம் வீடு! அந்த வீடுகளின் விளைச்சல் மடத்துக்குப் போய்விட்டால் அரண்மனைக்கு என்ன மிஞ்சும்? 821-822இல் சீனாவோடு சமாதான உடன்படிக்கை வேறு. லாசாவில் கல்தூணிலேயே பொறித்து வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் போர் நின்றதும் கொள்ளைப் பொருளும் நின்றது. பங்கு கிடைக்காத பிரபுக்கள் எத்தனை நாள் அரசனை அண்டியிருப்பார்கள்?

இந்த நிலையில் பட்டத்துக்கு வந்த லாங்தர்மா மடங்களின் மானியத்தில் கைவைத்திருந்தால் அதில் அதிசயமில்லை. சீனாவில் பேரரசர் வூசோங் 845இல் 4,600க்கு மேற்பட்ட மடங்களை மூடி, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட துறவிகளை வரி கட்டும் குடிகளாக்கினார். அங்கேயும் கஜானாப் பசி பெரிய காரணம்.

அவர் பெயரில் உள்ள 'லாங்' என்றால் எருது. தலையில் கொம்பு, அதை மறைக்கச் சடைப்பின்னல் என்பதெல்லாம் பின்னால் வந்த பிக்குகளின் கைவண்ணம். அன்று திபெத்தின் கையிலிருந்த பட்டுப்பாதை நகரமான துன்ஹுவாங்கின் குகைச் சுவடிகளிலோ இதே மன்னரின் நலன் வேண்டும் பௌத்தப் பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. மதத்தை அழித்தவனுக்கு யார் பிரார்த்தனை எழுதுவார்கள்?

842இல் லாலுங் பால்கி டோர்ஜே என்ற பிக்கு அவரை அம்பெய்து கொன்றார் என்பது மரபு. வெள்ளைக் குதிரைக்குக் கரி பூசி வந்தாராம். தப்பும்போது ஆற்றில் கரி கழுவிப்போக, அங்கியையும் வெள்ளை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். திபெத்திய மடங்களில் ஆடும் கறுப்புத் தொப்பி நடனத்தை இன்றும் இந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பேரரசு உடைந்தது அதற்குப் பிறகுதான். ஓசுங், யும்தென் என்ற இரண்டு வாரிசுகளுக்கும் இரண்டு கட்சிகள். எல்லையில் தளபதிகள் தங்களுக்குள்ளேயே மோதினார்கள். 848இல் துன்ஹுவாங் கைநழுவியது. உள்நாட்டில் குடிகள் கிளர்ந்தார்கள், அரச கல்லறைகள் சூறையாடப்பட்டன.

பாவம் என்றீர்களே, அதற்கும் ஒரு தகவல். ஓசுங்கின் வழிவந்தவர்கள் மேற்குத் திபெத்தில் குகே அரசை அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான யேஷே ஓ என்பவர்தான் இளைஞர்களைக் காஷ்மீருக்கு அனுப்பிப் பௌத்த நூல்களைப் படிக்கவைத்தவர். இந்தியாவின் விக்ரமசீலா மடத்துப் பௌத்த அறிஞர் அதீசரை 1042இல் திபெத்துக்கு வரவழைத்ததும் அதே குடும்பம், அதாவது லாங்தர்மாவின் குடும்பம்.