வழக்குக்குப் போகும் கோப்பில் கை வைக்கலாமா?

வாசகர் கேள்வி: பரந்தனில் நெல் ஆலை வைத்திருக்கிறேன். கொழும்பு மொத்த வியாபாரி ஒருவருக்கு அரிசி அனுப்பிய வகையில் வரவேண்டிய பணத்துக்குக் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். விலை மாறியதை உறுதிப்படுத்தி 2023 மார்ச்சில் ஆலைக் கொம்பியூட்டரில் வேர்டில் அடித்த கடிதம்தான் முக்கிய ஆவணம். அங்கே இன்டர்நெட் இல்லாததால் போனுக்கு மாற்றி, போனிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அரிசி ஏற்றிய லொறியின் படங்களும் போனில் இருக்கின்றன. இப்போது எதிர்த்தரப்பு, அந்தக் கடிதம் பிணக்கு வந்த பிறகு பழைய திகதி போட்டு அடித்தது என்கிறது; கோப்பை மெட்டாடேட்டாவோடு தரச் சொல்கிறது. கோப்பின் விபரத்தைப் பார்த்தால் எழுதியவர் பெயராகக் கொம்பியூட்டர் விற்ற கடையின் பெயர் இருக்கிறது. உருவாக்கிய நாளும் கடைசியாகச் சேமித்த நாளும் 2009 ஜனவரி என்று காட்டுகிறது. இதைச் சரிப்படுத்திவிட்டுக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோப்பைத் திறந்து எதையும் சேமிக்கவும் வேண்டாம். நீங்கள் பயப்படும் அந்தக் கடைப் பெயரும் 2009ஆம் ஆண்டும் இருக்கிறபடியே இருந்தால் உங்கள் வழக்குக்குப் பலம். திருத்தினால் கையிலிருக்கும் மிகப் பெரிய சாட்சியத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

மெட்டாடேட்டா என்பது ஒரு கோப்போடு ஒட்டியிருக்கும் விபரங்கள்: எப்போது உருவானது, கடைசியாக யார் சேமித்தது, எந்த மென்பொருளில், எத்தனை தடவை என்பவை. இதில் இரண்டு வகை இருக்கிறது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கோப்புக்கு உள்ளேயே இருப்பது. டொக்எக்ஸ் என்று முடியும் வேர்ட் கோப்பு உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் பொதிதான். அதற்குள் எழுதியவர் பெயர், சேமித்த நேரம், வேர்டின் பதிப்பு எண் எல்லாம் தனியாக எழுதப்பட்டிருக்கும். கோப்பு எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். மற்றது, கொம்பியூட்டர் தன் பதிவில் வைத்திருப்பது. கோப்பைப் பென் ட்ரைவுக்கு நகல் எடுத்தால் அங்கே 'உருவாக்கிய நாள்' நகல் எடுத்த நாளாகிவிடும், 'மாற்றிய நாள்' பழையதாகவே இருக்கும். உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்ட கோப்பு என்று எதிர்த்தரப்பு கேலி செய்யப் பார்க்கும். நகல் எடுத்த எந்தக் கோப்பிலும் அப்படித்தான் இருக்கும், அதில் மோசடி ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் 2009. கொம்பியூட்டருக்குள் காசு அளவில் ஒரு சிறிய பற்றரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தயாரித்தவர்கள் போட்டுவைத்த பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். இன்டர்நெட் உள்ள கொம்பியூட்டர் பிறகு தானாகத் திருத்திக்கொள்ளும். உங்கள் ஆலையில் அது இல்லை. ஆகவே 2023இல் அடித்த கடிதத்துக்கு 2009 ஜனவரி என்று விழுந்திருக்கிறது. போர் நடந்த அந்த மாதத்தில் பரந்தன் எந்த நிலையில் இருந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை; ஆலைக் கணக்குக் கடிதம் அடிக்க அங்கே யாரும் இருக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு ஊர் அறிவு மட்டும் போதாது. கோப்புக்குள் இருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அது 16 என்றால், ஒபிஸ் 2016 அல்லது அதற்குப் பிந்திய மென்பொருளில் சேமித்தது. 2009இல் கடைசியாகச் சேமித்ததாகச் சொல்லும் கோப்பில் 16ஆம் பதிப்பு இருக்க வழியே இல்லை. கடிகாரம் பிழை என்பதைக் கோப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் 2023 மார்ச்சில்தான் அடித்தது என்பதை இது நிரூபிக்காது. அதற்கு வேறொன்று வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்தான் அது. மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதி ஒன்று உண்டு. கடிதம் எந்தச் சேர்வரைக் கடந்தது, எந்த நொடியில் கடந்தது என்று ஒவ்வொரு சேர்வரும் அதில் தன் நேரத்தைப் பதிந்துகொண்டு போகும். அந்த நேரம் உங்கள் ஆலைக் கொம்பியூட்டரின் கடிகாரத்திலிருந்து வந்ததல்ல. மின்னஞ்சல் சேவையின் கடிகாரத்திலிருந்து வந்தது; முழுப் பதிவும் போய்ச் சேர்ந்த பிரதியில்தான் இருக்கும். மின்னஞ்சலோடு இணைப்பாகப் போன கோப்பு, ஆலைக் கொம்பியூட்டரில் இருக்கும் கோப்பின் அச்சு அசலான நகல். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினால், அந்தக் கடிதம் 2023 மார்ச்சிலேயே இப்போதுள்ள அதே வடிவத்தில் இருந்தது என்று நிறுவிவிடலாம்.

ஒன்றுதான் என்று எப்படிக் காட்டுவது? ஹாஷ் என்றொரு கணக்கு இருக்கிறது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஒரு கோப்பைக் கணித்தால் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு தொடர் வரும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரை மாற்றினாலும் பென் ட்ரைவில் ஏற்றினாலும் அது மாறாது. உள்ளே ஒரு புள்ளியை மாற்றினால் முழுவதும் மாறிவிடும். விண்டோஸிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. மின்னஞ்சலிலிருந்து இறக்கிய இணைப்புக்கும் ஆலைக் கோப்புக்கும் அந்த 64 எழுத்தும் ஒன்றாக வந்தால் விஷயம் முடிந்தது. கடைப் பெயரை அழிக்கக் கோப்பைச் சேமித்தீர்களானால் இந்தப் பொருத்தம் உடைந்துபோகும். அதோடு, கடிகாரம் சரியாக ஓடும் கொம்பியூட்டரில் சேமித்தால் 'கடைசியாகச் சேமித்தது' என்ற இடத்தில் இந்த வருடத் திகதி ஏறி, எதிர்த்தரப்பு சொன்னதை நீங்களே மெய்ப்பித்ததாகிவிடும். திருத்தத்தான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் இந்த ஒரு காரணத்தைச் சொல்லுங்கள்.

கடைப் பெயரைப் பற்றிப் பெரிதாக யோசிக்காதீர்கள். விண்டோஸும் ஒபிஸும் போட்டுத் தரும் கடைக்காரர் பதிவில் என்ன பெயர் கொடுத்தாரோ அதுதான் அந்தக் கொம்பியூட்டரில் அடிக்கும் எல்லாவற்றிலும் எழுதியவர் பெயராக விழும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல கொம்பியூட்டர்களில் இதுதான் நிலைமை. ஆலையின் வேறு சில கடிதங்களிலும் அதே பெயர் இருப்பதைக் காட்டினால் போதும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889இல் வந்தது. அதன் 102ஆம் பிரிவின்படி, வழக்குடன் தொடர்புள்ள, தன் வசமுள்ள ஆவணங்களைச் சத்தியக்கடதாசி மூலம் வெளிப்படுத்தும்படி ஒரு தரப்பினருக்கு நீதிமன்றம் கட்டளையிடலாம். மெட்டாடேட்டா என்ற பேச்சு அதில் இல்லை. கொம்பியூட்டர் சான்றுக்கு வழிவிட்டது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம். அதன்படி விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் அந்தச் சான்றையும் அது வந்த கொம்பியூட்டரையும் பார்வையிடக் கேட்கலாம். கொம்பியூட்டரையே கேட்கலாம் என்பதைக் கவனியுங்கள். பற்றரி மாற்றுவது, விண்டோஸ் புதிதாகப் போடுவது, பழசு என்று கொடுத்துவிடுவது எல்லாம் வழக்கு முடியும்வரை கூடாது. இப்போதே அந்தக் கொம்பியூட்டரை இயக்கி, பிழையான திகதி தெரியும் திரையையும் பக்கத்தில் சரியான நேரம் காட்டும் போனையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் வந்தது. தன் எல்லைக்குள் வரும் இலத்திரனியல் ஆவணங்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. மறுதலையாக நிரூபிக்கப்படாதவரை ஆவணத்தில் உள்ளது உண்மை, எழுதியதாகச் சொல்லப்படுபவரே எழுதினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும் என்றும் அதில் இருக்கிறது. அந்த அனுமானம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதை உடைக்கத்தான் எதிர்த்தரப்பு மெட்டாடேட்டாவைத் தேடுகிறது. எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்பது உங்கள் சட்டத்தரணியின் முடிவு. ஆனால் எந்த வழியில் போனாலும் 45 நாள் கணக்கில் அறிவித்தலைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். காணி விற்பனை ஒப்பந்தம், மரணசாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவை 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே. காணிப் பிணக்கு வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்த்தரப்பு மெட்டாடேட்டா கேட்பது தொல்லை கொடுக்கவா என்றும் சிலர் நினைக்கலாம். வெளிநாட்டு நீதிமன்றங்களில் இது பழகிப்போன விஷயம். அமெரிக்காவில் 2005இல் கன்சாஸ் சமஷ்டி நீதிமன்றத்தில், ஸ்பிரின்ட் நிறுவனத்துக்கு எதிராக வேலை நீக்கப்பட்டவர்கள் போட்ட குடியியல் வழக்கில், நிறுவனம் எக்செல் அட்டவணைகளை மெட்டாடேட்டாவைத் துடைத்து, கட்டங்களைப் பூட்டிக் கொடுத்தது. கேட்காமலும் காரணம் காட்டாமலும் துடைத்தது பிழை, இருந்தபடியே கொடு என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் 2010 ஒக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பணிப்புரையின்படி, வழக்கு வரும் என்று தெரிந்தவுடனேயே ஆவணங்களைப் பாதுகாக்கும்படி சட்டத்தரணி தன் கட்சிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் உறவினரின் வழக்குக்கு இங்கிருந்து கடிதமோ படமோ கேட்டால், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டு அசலை அழிக்காதீர்கள்.

வட்ஸ்அப் என்றதும் உங்கள் லொறிப் படங்கள் ஞாபகம் வருகின்றன. போன் கமரா எடுத்த அசல் படத்தில் எடுத்த நேரம், போனின் மாதிரி, இருப்பிடம் போட்டிருந்தால் எடுத்த இடம்கூட இருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி இவை உதிர்ந்துவிடும். சட்டத்தரணிக்கு ஏற்கனவே அப்படி அனுப்பியிருந்தால் பரவாயில்லை, அது பார்வைக்கு. சான்றுக்கு அசலைக் கேபிளில் எடுத்துக் கொடுங்கள், அல்லது வட்ஸ்அப்பிலேயே டொக்கியூமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். வியாபாரியோடு பேசிய உரையாடலை ஏற்றுமதி செய்து கொடுப்பது சுலபம், ஆனால் அது வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். போனே சான்று. தானாக அழியும் செய்திகள் என்ற வசதி போட்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். குடும்பப் படங்களும் அதே போனில் இருப்பதால் முழுப் போனையும் எதிர்த்தரப்பிடம் கொடுக்கத் தேவையில்லை. குறித்த உரையாடலை மட்டும் இரு தரப்பின் முன்னிலையில் எடுக்கச் சட்டத்தரணி கேட்கலாம்.

மின்னஞ்சலையும் ஃபோர்வர்ட் பண்ணிக் கொடுக்காதீர்கள். அது புதிய மின்னஞ்சல், பழைய தலைப்புப் பகுதி அதில் வராது. ஜிமெயிலில் செய்தியைத் தரவிறக்கும் வசதி உண்டு. ஈஎம்எல் என்று முடியும் கோப்பாக வரும், அதைக் கொடுங்கள். அச்சடித்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் பண்ணிய பீடிஎப் இவற்றுக்கு ஈடாகாது. ஸ்கேன் பண்ணிய நாள்தான் அதில் இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும், கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை: சட்டத்தரணியோடு நீங்கள் பரிமாறிய வரைவுகளும் அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் எதிர்த்தரப்புக்குக் காட்டத் தேவையில்லாத சிறப்புரிமை உள்ளவை. ஆலைக் கோப்புறையை அப்படியே பென் ட்ரைவில் அள்ளிப் போட்டால் அவையும் போய்விடும். சட்டத்தரணி பார்த்துப் பிரித்த பிறகே கொடுக்க வேண்டும்.

கடைசியாக, தேடுதல் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த பெட்டி எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. 102ஆம் பிரிவின் கீழ் அவர்களுடைய பிரதியையும் வெளிப்படுத்தும்படி உங்கள் சட்டத்தரணி விண்ணப்பிக்கட்டும். அந்த இணைப்பின் ஹாஷும் உங்களுடையதோடு பொருந்தினால், பழைய திகதி போட்டது என்ற வாதம் அவர்கள் பெட்டியிலேயே விழுந்துவிடும். அந்த விண்ணப்பத்தோடு, கடைப் பெயரும் 2009உம் எப்படி வந்தன என்று பற்றரிக் கதையை உங்கள் சத்தியக்கடதாசியில் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்ததாக எடுத்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.