பாத்ரூமில் விழுந்ததை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 53. ஆறேழு மாதமாக மறதி அதிகமாகிவிட்டது. அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறேன். தெரிந்தவர்கள் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. தூக்கம் சரியில்லாததால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஏழு மாதமாகத் தினமும் அல்பிரசோலம் போடுகிறேன். வல்லாரை கேப்சூலும் சாப்பிடுகிறேன். என் அம்மாவுக்கு 76 வயதில் அல்சைமர் வந்தது. யூடியூபில் சொல்கிற அறிகுறி எல்லாம் எனக்கு இருக்கிறது. என் கணவருக்கு 66 வயது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், லேசான அடிதான். இப்போது அவரும் சொன்னதையே சொல்கிறார். போன வாரம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது தெரு மாறிப் போய்விட்டார். அவருக்கு வயதாகிவிட்டது, சரி. எனக்கு இப்போதே வந்துவிட்டதே என்பதுதான் பயம்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முடிந்தால் நாளைக்கே. உங்கள் மறதியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 'லேசான அடி'தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். அதனால் மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். விழுந்த வேகத்தில் அதில் ஒன்று கிழியலாம். ரத்தம் கொட்டாது, மெல்லக் கசியும். இதய நோயாளிகள் பலரும் ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவார்கள். அப்படியானால் கசிவு எளிதில் நிற்காது. விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ கழித்து, தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும்போதுதான் சொன்னதையே சொல்வார், வழி தவறுவார், பகலெல்லாம் தூங்கி வழிவார், நடை தள்ளாடும். தலைவலி எல்லோருக்கும் வருவதில்லை. நாங்கள் இதை சப்டியூரல் ரத்தக்கட்டு என்கிறோம். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள்.

சில வருடம் முன்பு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். தஞ்சாவூர் ரூட்டில் ஸ்டேஜ் எல்லாம் சொல்லச் சொன்னேன். அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரப்பெருமாள்கோவில், தாராசுரம் என்று தட்டாமல் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் சட்டென்று மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லேன்" என்றார். அறையில் நடக்கச் சொன்னபோது இடது கால் செருப்பு மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. "ஒரு மாசமா இப்படித்தான் டாக்டர், புதுச் செருப்புகூட வாங்கிக் கொடுத்தோம்" என்றார் அந்த அம்மா. சி.டி. ஸ்கேனில் மண்டைக்குள் வலது பக்கம் ரத்தம் தேங்கியிருந்தது. சிறு துளை போட்டு அதை வெளியே எடுத்தார்கள். மூன்றாவது வாரம் அதே கேள்வியைக் கேட்டேன். "ரெண்டு இட்லி. சட்னியில உப்பு கம்மி" என்றார், மனைவியைப் பார்க்காமலே.

உங்கள் கணவருக்கும் அதுதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடம் போதும், அதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. கூடவே வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அதனாலும் மறதி வரும், அதற்கு மருந்து இருக்கிறது. இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லட்டும். இதற்கிடையில் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் ஒரு பக்கம் இழுப்பது, வலிப்பு என்று எது வந்தாலும் நாளைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். எதை மறந்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் வந்தவர்கள் பெரும்பாலும் அப்படி எழுத மாட்டார்கள். மறந்ததே அவர்களுக்கு நினைவிருக்காது, மற்றவர்கள்தான் சொல்வார்கள். மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிதாக நடப்பதைப் பதிந்து வைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரு பக்கமும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். சின்ன வயதுக் கதை அவருக்கு நினைவிருந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் தெரிந்தார். கண்டக்டருக்கு ஸ்டேஜ் பெயர் வந்து, இட்லி வராமல் போனதும் ஏறக்குறைய இதே கதைதான். பழையது இருந்தது, புதியது பதியவில்லை.

உங்களுக்கு அப்படி இல்லை. பால் பொங்கும்போது மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. கவனம் இல்லாத இடத்தில் எதுவும் பதியாது, பதியாததைத் தேடினால் கிடைக்காது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நுழைந்தவுடன் வந்த காரியம் மறப்பதை ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள், அதுவும் கல்லூரி மாணவர்களிடம். பெயர்கள் எல்லோரையும் தவிக்க வைக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கோபம் வருவது அந்த அல்பிரசோலத்தைப் பார்த்துத்தான். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது, கடைக்காரர் கொடுத்தது தப்பு. அது தூக்கத்தை மட்டும் தருவதில்லை, புதிதாக எதுவும் பதிவதையும் மங்கவைக்கும். மாத்திரை ஏழு மாதம், மறதி ஆறேழு மாதம். கணக்கு நீங்களே எழுதியதுதான். இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். 53 வயதில் தூக்கம் கெடுவதற்கு மாதவிடாய் நிற்பதும் காரணமாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். வல்லாரை பிடித்தால் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கேப்சூலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். யூடியூப் அறிகுறிகளைக் கொஞ்சநாள் பார்க்காமல் இருங்கள்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. குடும்பத்தில் நேரடியாகக் கைமாறும் வகை மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு 76-இல்தான் வந்திருக்கிறது. மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேட்பது இவற்றை ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் அதையும் குறைக்கலாம்.

உங்கள் கணவர் வரமாட்டேன் என்பார். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் நிஜமாகவே நம்புவார், அதற்காகச் சண்டை போடாதீர்கள். எனக்கு மறதியாக இருக்கிறது, டாக்டரைப் பார்க்கணும், துணைக்கு வாங்க என்று கூப்பிடுங்கள். அவருடைய மாத்திரைச் சீட்டுகளை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக, இவர் இரண்டு மாதம் முன்பு விழுந்தார் என்று சொல்லுங்கள்.