கண்ணீர் வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தலில் எக்ஸிட் போல் சொன்னதெல்லாம் புஸ்ஸாகிப் போனது. இது கருத்துக்கணிப்பா, கருத்துத்திணிப்பா? அடியோடு தடை செய்தால் என்ன?
- வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: பாதித் தடை ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போலை வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. மிச்சத்தையும் தடை செய்தால், டிவியில் வருவது 'உளவுத்துறை ரிப்போர்ட்' என்று வாட்ஸ்அப்பில் வரும். இப்போதாவது பிடித்துக் கேட்க ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது.

பாஜகவுக்கான திணிப்பு என்றால், அதே ஆண்டு அக்டோபரில் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் நடந்ததை என்னவென்பீர்கள்? கிட்டத்தட்ட எல்லா சேனலும் காங்கிரஸை அரியணையில் ஏற்றிவிட்டன. எண்ணி முடித்தால் 90-இல் பாஜக 48, காங்கிரஸ் 37. இத்தனைக்கும் இரண்டுக்கும் வாக்கு வித்தியாசம் ஒரு சதவிகிதம்கூட இல்லை. வாக்கைக் கணிப்பதாவது ஓரளவு முடியும். அதை சீட்டாக மாற்றும்போதுதான் வண்டி குடை சாய்கிறது. நம்மூரையே பாருங்களேன். 2024-இல் பாஜக கூட்டணிக்கு சுமார் 18 சதவிகித வாக்கு, சீட் பூஜ்யம். திமுக கூட்டணி 47 சதவிகிதத்தை வைத்து 39-ஐயும் அள்ளிக்கொண்டு போனது.

வாக்கைக் கணிப்பதும் லேசு இல்லை. சாவடிக்கு வெளியே முன்பின் தெரியாத ஓர் ஆள் டேப்லெட்டோடு வந்து "யாருக்குப் போட்டீங்க?" என்கிறார். பத்தடி தள்ளி உள்ளூர்க் கட்சிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "எல்லாம் நல்லவங்களுக்குத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாட்டி நடையைக் கட்டுகிறார். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ஆகவே தப்பாவது குற்றமில்லை. 2019-இல் ஆக்சிஸ் மை இந்தியா என்ற கணிப்பு நிறுவனம், பாஜகவின் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 339 முதல் 365 சீட் என்றது. 353 வந்தது. அதே நிறுவனம் 2024-இல் 361 முதல் 401 என்றது, வந்தது 293. வாக்கு எண்ணிய ஜூன் 4 அன்று அதன் தலைவர் நேரலையில் கண்ணீர் விட்டார், நெறியாளர் தேற்றினார். நல்லது. ஆனால் அந்த எண்களை நம்பி ஜூன் 3 அன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி எகிறியதே, மறுநாள் கிட்டத்தட்ட 4,400 புள்ளி விழுந்ததே? உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவரை எந்த நெறியாளர் தேற்றினார்? இதற்கு ராகுல் காந்தி நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டார். அது அத்தோடு சரி.

எனக்குக் கோபம் சேனல்கள் மேல்தான். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தெந்தத் தொகுதியில், வாய் திறக்க மறுத்தவர் எத்தனை பேர், செலவுக்குப் பணம் கொடுத்தது யார் - இதில் ஒன்றையாவது திரையில் முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய எழுத்தில் எண், பின்னணியில் போர்முரசு, எட்டுப் பெட்டியில் எட்டுப் பேர் கத்தல். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ராஜீவ் குமாரும் ஹரியானாவுக்குப் பிறகு 'சுயபரிசோதனை தேவை' என்று அறிவுரை சொன்னார். அறிவுரைக்கு எந்த சேனல் அசையும்?

தடையெல்லாம் வேண்டாம் சார். இந்த நாலு விவரத்தையும் திரையில் போடாமல் எண்ணைப் போடக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். பாதிக் கடை அன்றைக்கே ஷட்டரை இழுத்துவிடும்.