பலோவ் எப்போது இறங்கும் என்று கேளுங்கள்: உஸ்பெக், அரபுச் சாப்பாடு பற்றிக் கேள்வி பதில்

துபாயில் உஸ்பெக், அரபு உணவகங்களுக்குப் போவது பற்றி, அதிலும் ரமலானில் போவது பற்றி, நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. துபாயின் தேரா பகுதியில் குடியிருந்து பதினாறு வருடம் ஆகிறது. சுற்றுலா வேலையாக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், சமர்கண்ட் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன். "நல்ல கடை பேர் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் மன்னிக்கணும். சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும். என்ன கேட்க வேண்டும், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டால் நல்ல கடையை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

கேள்வி: உஸ்பெக் பலோவ் என்பது நம் பிரியாணி மாதிரிதானே? நான் சாப்பிட்டது ஒரே எண்ணெய். மசாலா வாசமே இல்லை. (சென்னையிலிருந்து வந்து போனவர்)

பதில்: எத்தனை மணிக்குப் போனீர்கள்? இரவு ஒன்பதுக்கு என்றால், மதியம் மிஞ்சியதைச் சூடு பண்ணித் தந்திருப்பார்கள். தாஷ்கண்டில் பலோவ் காலையில் அடுப்பேறி மதியத்துக்குள் தீர்ந்துபோகும். கல்யாண வீட்டில் விடியற்காலையிலேயே பலோவ் விருந்து வைக்கிற வழக்கமும் உண்டு. டிவி கோபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய பலோவ் மையம் ஒன்று இருக்கிறது. ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் கசான்கள். கசான் என்றால் நம் ஊர்க் கல்யாணக் கொப்பரை மாதிரி, அடி கனத்த பாத்திரம். பதினொரு மணிக்குள் போனால் கொப்பரை பிரிக்கிறதைப் பார்க்கலாம். இரண்டு மணிக்குப் போனால் அடியில் இருப்பதுதான் கிடைக்கும்.

இப்போது மசாலாவுக்கு வருகிறேன். பலோவில் மசாலா என்றால் சீரகம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு, இஞ்சி விழுது, மிளகாய்த்தூள் எதுவும் கிடையாது. எண்ணெயும் செம்மறி வால் கொழுப்பும் நன்றாகக் காய்ந்ததும் கறியைப் போட்டுச் சிவக்க வறுப்பார்கள். வெங்காயம், அப்புறம் காரட். அதுவும் துருவியது இல்லை, கத்தியால் குச்சி குச்சியாக அரிந்தது. பழைய கணக்கு ஒன்று சொல்வார்கள்: 1 கிலோ அரிசிக்கு 1 கிலோ கறி, 1 கிலோ காரட். தண்ணீர் ஊற்றி, முழுப் பூண்டை உரிக்காமல் அப்படியே உள்ளே இறக்கிக் கொதிக்கவிடுவார்கள். இதற்கு ஸிர்வாக் என்று பெயர். அரிசியை அதன்மேல் பரப்பி, தண்ணீர் வற்றியதும் குவித்து மூடிவிடுவார்கள். கடைசிவரை கரண்டி போட்டுக் கிளற மாட்டார்கள். இதில் ருசி தருவது காரட்டின் இனிப்பும், கொழுப்பும், வெந்து வெண்ணெயாகிப்போன அந்தப் பூண்டும்தான். அடுத்த தடவை அந்தப் பூண்டை ஒரு பல் பிதுக்கிச் சோற்றோடு பிசைந்து பாருங்கள். பக்கத்தில் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாயை மெல்லிசாக அரிந்து அச்சிச்சுக் என்று ஒன்று வைப்பார்கள். அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் எண்ணெய் திகட்டத்தான் செய்யும். இரண்டும் சேர்த்துச் சாப்பிட வேண்டியவை.

ஊருக்கு ஊர் கைப்பக்குவம் வேறு. சமர்கண்டில் சோறு, காரட், கறி என்று கலக்காமல் அடுக்கடுக்காகத் தட்டில் வைப்பார்கள். தாஷ்கண்ட் கல்யாண பலோவில் கொண்டைக்கடலையும் உலர்ந்த திராட்சையும் விழும். ஃபர்கானாப் பக்கம் தேவ்ஸிரா என்று செம்மண் நிறத்தில் ஒரு அரிசி. அந்த பலோவ் நல்ல பழுப்பாக இருக்கும். தேராவில் கடைக்காரரிடம் "இது எந்த ஊர் பலோவ்?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து உட்கார்ந்துவிடுவார். யுனெஸ்கோ 2016இல் பலோவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமிதம் அவர்களிடம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: மந்தி, கப்ஸா, மச்பூஸ் எல்லாம் ஒன்றா வேறா? மெனுவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (அபுதாபி)

பதில்: மந்தி ஏமன் நாட்டு ஹள்ரமவ்த் பக்கத்துச் சாப்பாடு. குழி அடுப்புக்குள் கீழே அரிசி, அதற்கு மேலே கறியைத் தொங்கவிட்டு வாயை மூடிவிடுவார்கள். கறி வேகவேகக் கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். புகை வாசம் அங்கிருந்துதான் வருகிறது. கப்ஸா சவூதிப் பக்கம் பேர்போனது. கறி வெந்த தண்ணீரிலேயே தக்காளி, காய்ந்த எலுமிச்சையோடு அரிசியையும் வேகவைப்பார்கள். எமிராத்தி வீடுகளில் மச்பூஸ் என்று சொல்வதும் அதே குடும்பம்தான். மத்பி என்று பார்த்தால், சூடான கல்மேல் சுட்ட கறி. கோழியாக இருந்தால் நான் மத்பிதான் வாங்குவேன்.

மந்திக்கு ஒரே விதி. போன் பண்ணி "குழி எப்போது திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு போனால் பெரும்பாலும் தவறாது. கூட்டம் இருக்கும், ஆனால் சோறு அப்போதுதான் வெளியே வந்திருக்கும். தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் நாலைந்து பேர் சாப்பிடுவது இலங்கை முஸ்லிம்களுக்கும் காயல்பட்டினத்துக்காரர்களுக்கும் புதிதில்லை. நம் சஹன் சாப்பாட்டின் முறைதான். உங்களுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுங்கள், தட்டின் நடுவில் கை போடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். நண்பர்களோடு போனால் பட்டினிதானா? (ஷார்ஜா)

பதில்: அரபுக் கடையில் கவலையே வேண்டாம். ஹம்முஸ் (கொண்டைக்கடலை மசியல்), முதபல் (சுட்ட கத்தரிக்காய் மசியல்), ஃபத்தூஷ் (சாலட்), ஃபலாஃபில் (கடலை வடை மாதிரி), சுடச்சுட ரொட்டி என்று வயிறு நிறைந்துவிடும். பருப்பு சூப் மட்டும் சில இடங்களில் கறித் தண்ணீரில் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். உஸ்பெக் கடையில் உண்மையாகவே கஷ்டம். பலோவிலிருந்து கறியைப் பொறுக்கிவிட்டுத் தருகிறேன் என்பார்கள், ஏற்காதீர்கள். பூசணி சம்சா, பூசணி மந்தி கிடைக்கிறதா என்று கேளுங்கள். (இந்த மந்தி வேறு. ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி, அதை மன்தி என்று அழுத்திச் சொல்வார்கள்.) பூசணியிலும் வால் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு என்பதால் அதையும் விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் நோன் ரொட்டி, கத்திக் என்கிற தயிர், சாலட், பச்சைத் தேநீர்.

கேள்வி: நான் முஸ்லிம் இல்லை. ரமலான் பகலில் வெளியே சாப்பிடலாமா? (புதிதாக வேலைக்கு வந்தவர், துபாய்)

பதில்: துபாயில் பகலிலும் நிறைய உணவகங்கள் திறந்திருக்கும். முன்பெல்லாம் திரை போட்டு மறைக்க வேண்டும். 2021இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஷார்ஜாவில் பகலில் கடை நடத்த மாநகராட்சியின் தனி அனுமதி வேண்டும். பல கடைகள் பார்சல் மட்டும்தான். சவூதியில் பகலில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எண்ணமே வேண்டாம். எங்கிருந்தாலும் தெருவில், பஸ் நிறுத்தத்தில், ஆபீஸ் மேசையில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். உள்ளே ஓரிடம் போய்க் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரமலானில் நல்ல அரபு, உஸ்பெக் கடைகள் பகலில் உங்களுக்கு எதுவும் ருசியாகத் தராது, ஏனென்றால் அன்றைய சமையல் முழுக்க மக்ரிபை, அதாவது சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் நேரத்தைக் குறி வைத்தே நடக்கும். காலை பலோவ் என்று மேலே சொன்னேனே, இந்த ஒரு மாதம் அது சாயங்காலத்துக்கு மாறிவிடும். இரவு உணவுக்கு பலோவ் சாப்பிட வருடத்தில் சரியான மாதம் இதுதான்.

கேள்வி: ஆபீஸில் பத்துப் பேர், பாதிப் பேர் நோன்பாளிகள். உஸ்பெக் கடையில் இஃப்தார் (நோன்பு திறக்கும் விருந்து) வைக்கலாம் என்று இருக்கிறோம். எப்படி ஏற்பாடு செய்வது? (தேரா)

பதில்: நல்ல யோசனை. இரண்டு நாள் முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள், அன்றைக்கே என்ன என்ன வேண்டும் என்று முழு ஆர்டரையும் கொடுத்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் துபாயில் மக்ரிப் ஆறரை வாக்கில் வரும். ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறே காலுக்கு மேல் டாக்ஸி கிடைக்காது.

போன வருடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சின்னக் கடை, பன்னிரண்டு மேசை. எல்லா மேசையிலும் பேரீச்சம்பழம், தண்ணீர், துணியில் சுற்றிய நோன். பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடையே அமைதியாகிவிட்டது. எங்களுக்குப் பரிமாறிய பையனும் நோன்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் மேசையில் ஒருவர், நல்ல மனிதர்தான், தெரியாமல் கைதட்டி "கோக் கொண்டு வாப்பா" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் பையன் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். கோக்கை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் நோன்பு திறந்தான். எனக்கு அன்றைக்குப் பலோவ் இறங்கவில்லை. ஆகவே, வேண்டியதை எல்லாம் முன்னாலேயே மேசைக்கு வரவழைத்துவிடுங்கள். பாங்கு சொல்லி முதல் பத்து நிமிடம் யாரையும் கூப்பிடாதீர்கள். நோன்பில்லாதவர்களும் பாங்குக்குக் காத்திருந்து சேர்ந்து தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு: முதலில் ஷூர்பா, ஆட்டெலும்பும் உருளைக்கிழங்கும் போட்ட தெளிந்த சூப். வெறும் வயிற்றுக்கு இதமாக இருக்கும். தொழுதுவிட்டு வந்ததும் பலோவ். பத்துப் பேருக்கு ஆறு பேர் அளவு போதும், ஷஷ்லிக் (கம்பியில் கோத்துச் சுட்ட கறி) ஆளுக்கு ஒரு கம்பி, நடுவில் சம்சா. லக்மான் நூடுல்ஸ் நல்ல சாப்பாடுதான், ஆனால் பத்துப் பேர் கூட்டத்தில் ஆறிப்போய்க் களியாகிவிடும். அதைத் தனியாகப் போகும் நாளில் சாப்பிடுங்கள். நிஷால்தா இருக்கிறதா என்று கேளுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பாகும் அடித்து நுரைத்த வெள்ளை இனிப்பு, உஸ்பெகிஸ்தானில் ரமலான் வந்தால்தான் சந்தைக்கு வரும். நோனைக் கிள்ளி அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

கேள்வி: இஃப்தார் பஃபே எடுப்பதா, தனித்தனியாக ஆர்டர் பண்ணுவதா? (பர்துபாய்)

பதில்: தனியாகத்தான். பதினாலு மணி நேரம் பசித்த வயிறு ஒரு தட்டுக்கு மேல் தாங்காது. கண்தான் நாலு தட்டு கேட்கும். அரபுக் கடையில் ஹரீஸ் கேளுங்கள். கோதுமையும் கறியும் கரையக் கரைய மணிக்கணக்கில் வெந்தது. ஹைதராபாத் ஹலீமுக்கு இதுதான் மூதாதை. நம் நோன்புக் கஞ்சியில் ஊறிய நாக்குக்கு ஹரீஸ் உடனே பிடித்துப்போகும். இல்லையென்றால் தரீத், குழம்பில் ஊறிய ரொட்டி. இனிப்புக்குப் பேரீச்சம் பாகு ஊற்றிய லுகைமாத், ஆளுக்கு மூன்று உருண்டை போதும்.

கஞ்சிதான் வேண்டும் என்று ஏங்குபவர்கள் தேரா லூத்தா பள்ளிவாசலுக்கு, நம்மவர்கள் குவைத் பள்ளி என்பார்களே, அங்கே போங்கள். ஈமான் அமைப்பினர் வருடா வருடம் தமிழ்நாட்டுக் கஞ்சி ஊற்றுகிறார்கள். என் முதல் ரமலானில் அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் நான் ஊருக்கே திரும்பியிருப்பேன்.

கேள்வி: பலோவ் மேல் வட்டமாக நறுக்கிய ஒரு கறி வைத்தார்கள். குதிரை என்று பிறகுதான் தெரிந்தது. மார்க்கப்படி சாப்பிட ஆகுமா? (ராஸ் அல் கைமா)

பதில்: அது காஸி, குதிரைக் கறி சாஸேஜ். எங்கள் ஊர் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி) குதிரை ஆகும். ஹனஃபியில் இமாம் அபூ ஹனீஃபா அதை வெறுத்தார்கள். உஸ்பெக்குகளும் ஹனஃபிகள்தான், ஆனாலும் அங்கே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மனதுக்கு ஒப்பவில்லை என்றால் "காஸி வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாரின் என்ற குளிர்ந்த நூடுல்ஸிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

கேள்வி: தேநீரைக் கால் கோப்பைதான் ஊற்றினார்கள். கஞ்சத்தனமா? (சிங்கப்பூர்)

பதில்: இல்லை, மரியாதை. கொஞ்சமாக ஊற்றினால் அடிக்கடி ஊற்றலாம், நீங்கள் இன்னும் இருக்க வேண்டும் என்று அர்த்தம். கோப்பை நிறைய ஊற்றினால் கிளம்பலாம் என்று பொருள். முதல் கோப்பையை மூன்று முறை ஜாடிக்கே திருப்பி ஊற்றுவதையும் கவனியுங்கள். நோனைக் கையால் பிய்க்க வேண்டும், கத்தி படக்கூடாது, கவிழ்த்து வைக்கக்கூடாது. அரபு கஹ்வாவுக்கு வேறு வழக்கம்: வலக் கையால் வாங்குங்கள், போதும் என்றால் காலிக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுங்கள். சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றிவிடுவார்கள்.

கேள்வி: ரமலானில் தாஷ்கண்ட் போகிறோம். சாப்பாடு கிடைக்குமா? (கோவை)

பதில்: தாராளமாக. அங்கே பகலில் உணவகங்கள் திறந்திருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பில்லில் பத்து முதல் பதினைந்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து வரும், அதற்குமேல் டிப்ஸ் கட்டாயமில்லை. சில இடங்களில் மதுவும் பரிமாறுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் சாய்ஹானா என்கிற தேநீர் விடுதிப் பக்கம் போங்கள், கட்டில் போட்ட திண்ணையில் சப்பணம் போட்டுச் சாப்பிடலாம். நோன்பு வைப்பவர்கள் ஒரு சாயங்காலம் சோர்சு சந்தைக்குப் போய், தந்தூரிலிருந்து எடுக்கிற நோனைச் சூடாக வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுங்கள். ஸஹருக்கு, அதாவது விடியுமுன் நோன்பு வைக்கச் சாப்பிடும் உணவுக்கு, அந்த நோனும் கத்திக்கும் இருந்தால் போதும். ஸஹருக்குக் கடை தேடி அலைய வேண்டாம்.