சரிபார்ப்பை நிறுத்தினால் பில் போகிறது, ஆனால் யாரிடம்?

கேள்வி: புதுக்குடியிருப்பில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பில் மென்பொருள் கிளிநொச்சியில் உள்ள தலைமைக் கடையின் சேர்வருடன், அதாவது பில்கள் போய்ச் சேரும் மையக் கணினியுடன், இணைகிறது. போன கிழமை ‘சான்றிதழை நம்ப முடியாது’ என்று நின்றுவிட்டது. மென்பொருள் போட்டுத் தந்த தம்பி, மென்பொருளின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் கொன்ஃபிக் கோப்பில் சரிபார்ப்பு வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, சரிபார்ப்பை நிறுத்தச் சொன்னார். இப்போது ஓடுகிறது. புதுச் சான்றிதழுக்கு வருடம் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அந்த வரியை இன்றைக்கே ‘ட்ரூ’ ஆக்குங்கள். இரண்டு நாள் பில்லைக் கையால் எழுதினாலும் பரவாயில்லை. சான்றிதழ் என்பது சேர்வர் தான் யார் என்று காட்டும் அடையாள அட்டை. ‘ஃபால்ஸ்’ என்பது நெல் மூட்டையை இறுக்கத் தைத்துவிட்டு, வாசலில் நிற்கும் லொறி யாருடையது என்று கேளாமல் ஏற்றி விடுவது. தகவல் பூட்டித்தான் போகிறது, யார் கையில் சேர்கிறது என்பதுதான் தெரியாது.

முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். உங்கள் கடையில் மட்டும் பிழை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காசு போன்ற பற்றரி செத்திருக்கும். ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்கும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைக்கும். எல்லாக் கிளையிலும் பிழை என்றால் பெரும்பாலும் சேர்வரின் சான்றிதழ் காலாவதியாகி இருக்கும்.

சேர்வருக்கு டொமைன் பெயர், அதாவது இணையத்தில் பதிந்த சொந்தப் பெயர், இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. 90 நாள்தான் செல்லும், தானாகப் புதுப்பிக்க ஒருமுறை ஒழுங்கு செய்தால் போதும். அந்த ஒருமுறை வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். இலவசப் பொருளுக்கு வருடா வருடம் விலை போடுவதற்குப் பெயர் வேறு. கோப்பில் எந்த வரி எதற்கு என்று ஒரு குறிப்பு எழுதித் தர ஒரு கொம்பனிக்கும் கை வராது. எழுதினால் நாம் கூப்பிட மாட்டோமே!

டொமைன் இல்லாமல், தாங்களே செய்த சான்றிதழை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அப்போதும் ‘ஃபால்ஸ்’ தேவையில்லை, இதைக் கவனமாகக் கேளுங்கள். சேர்வரில் இரண்டு கோப்பு இருக்கும்: எவருக்கும் காட்டக்கூடிய சான்றிதழ், இரகசியமாக வைக்க வேண்டிய தனிச்சாவி. சான்றிதழை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து உங்கள் கணினியில் வைத்து, அது இருக்கும் இடத்தை கொன்ஃபிக் கோப்பில் நம்பிக்கைச் சான்றிதழுக்கான வரியில் எழுதுங்கள். தனிச்சாவி சேர்வரை விட்டு வெளியே வரக்கூடாது. அதை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறவரை அன்றைக்கே மாற்றுங்கள். சேர்வர் முகவரி வரியில், சான்றிதழில் உள்ள அதே பெயர் இருக்க வேண்டும்.

கை வைக்குமுன் கொன்ஃபிக் கோப்பைப் பிரதி எடுங்கள். சேமிக்கும்போது நோட்பாட் கோப்பின் பெயருக்குக் கடைசியில் ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிவிடுகிறதா என்றும் பாருங்கள், பலர் அங்கேதான் அரைநாள் தொலைக்கிறார்கள். மென்பொருளை மூடித் திறந்தபின், பெயர் இருக்கும் இடத்தில் சேர்வரின் எண் முகவரியைப் போட்டுச் சோதியுங்கள். சான்றிதழில் அந்த எண் இல்லாவிட்டால் இணைய மறுக்க வேண்டும். இணைந்தால் சரிபார்ப்பு இன்னும் தூங்குகிறது, தம்பியைக் கூப்பிடுங்கள்.