வணிக வளாகத்தில் கெப்பாசிட்டர் அடிக்கடி வீங்குகிறது, நியூட்ரல் சூடாகிறது: ஆக்டிவ் ஹார்மோனிக் ஃபில்டர் வாங்கத்தான் வேண்டுமா?

1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 400 கேவிஏஆர் (கெப்பாசிட்டர் திறனின் அளவு) ஏபிஎஃப்சி பேனல் (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யக் கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்க்கும் பேனல்), சில்லர் பம்பிலும் ஏஎச்யூ-விலும் (ஏசி காற்றைத் தள்ளும் யூனிட்) விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்), மாடிகளில் கம்ப்யூட்டரும் எல்ஈடி விளக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டேஷன் கொடுத்தவர் நேராக ஆக்டிவ் ஃபில்டருக்குப் போய்விட்டார். ஹார்மோனிக்ஸ் என்பவை 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் கூடுதல் அலைகள்; அவற்றை எதிர் கரன்ட் செலுத்திக் கழிக்கும் கருவிதான் ஆக்டிவ் ஃபில்டர். அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலில் கெப்பாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மர் பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் 5% என்று இருந்தால், 1000-ஐ 0.05-ஆல் வகுக்க 20,000 கேவிஏ ஷார்ட் சர்க்யூட் திறன் வரும். அதை ஓடிக்கொண்டிருக்கும் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். எத்தனையாவது ஹார்மோனிக்கில் ரெசனன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு ஹார்மோனிக்கைப் பெருக்கும் நிலை) வரும் என்று அது சொல்லும். 400 கேவிஏஆரும் உள்ளே இருந்தால் 50-இன் வர்க்கமூலம், அதாவது 7.07. சாதாரண ஆறு டயோடு விஎஃப்டி வெளியே தள்ளுவது 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக்ஸ். ஆக எல்லா ஸ்டெப்பும் (பேனலில் தனித்தனியாகச் சேரும் கெப்பாசிட்டர் தொகுதிகள்) விழுந்த நேரத்தில் உங்கள் பேனல் 7-ஆவது ஹார்மோனிக்கில், 350 ஹெர்ட்ஸில், ரெசனன்ஸுக்கு வந்து நிற்கிறது. 175 கேவிஏஆர் மட்டும் இருக்கும்போது கணக்கு 10.7, அது 11-க்குப் பக்கம். காலையில் சும்மா இருக்கும் பேனல் மதியம் உறுமுவது இதனால்தான். வீங்கிய கெப்பாசிட்டரைக் கழற்றி அதே மாதிரி புதிதாகப் போட்டால் அதுவும் வீங்கும்.

சோதிப்பது எளிது. 440 வோல்ட், 25 கேவிஏஆர் ஸ்டெப் ஒன்று எடுக்க வேண்டியது 32.8 ஆம்பியர். ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரில் 43-க்கு மேல் காட்டினால், கெப்பாசிட்டர் தரநிலை அனுமதிக்கும் 1.3 மடங்கைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மலிவான சராசரி மீட்டர் இங்கே உதவாது, குறைத்துக் காட்டும். கூடவே எல்டி பஸ்ஸில் (டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கம்) வோல்டேஜ் டிஎச்டி-யைப் (ஹார்மோனிக்ஸின் மொத்தச் சதவீதம்) பார்த்துக்கொண்டே ஸ்டெப்புகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த ஸ்டெப்பில் அது திடீரென்று எகிறுகிறதோ, அங்கேதான் ரெசனன்ஸ்.

இதற்கு வழி டீட்யூன்ட் ரியாக்டர், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பின் கெப்பாசிட்டரோடும் தொடராகப் போடும் சுருள். விஎஃப்டி அதிகமான கட்டடத்துக்கு 7% ரியாக்டர் போதும். அது ஸ்டெப்பை 189 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்து, ரெசனன்ஸை அதற்கும் கீழே இறக்கிவிடுவதால் 5-ஆவது ஹார்மோனிக் பெருகாது. ஆனால் பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டரோடு ரியாக்டரை மாட்டக்கூடாது. ரியாக்டர் வந்ததும் கெப்பாசிட்டரின் முனையில் வோல்டேஜ் 473 வரை ஏறும், ஹார்மோனிக்ஸ் அதற்கு மேல். 525 வோல்ட் கெப்பாசிட்டர்தான் வேண்டும். அடுத்த தவறு கொள்முதலில் நடக்கும்: 525 வோல்ட், 25 கேவிஏஆர் என்று எழுதி வாங்கினால் 440 வோல்ட்டில் ரியாக்டரோடு சேர்த்தும் 19 கேவிஏஆர்தான் கிடைக்கும். உண்மையில் 25 வேண்டுமென்றால் 525 வோல்ட்டில் 33 கேவிஏஆர் கேளுங்கள். பாதி ஸ்டெப்புக்கு ரியாக்டர் போட்டு மீதியை அப்படியே விடுவது காசு மிச்சம் மாதிரி தெரியும். ரியாக்டர் இல்லாத அந்த ஸ்டெப்புகள் ரெசனன்ஸைத் திரும்பக் கூட்டிவரும். ரியாக்டரில் உள்ள தெர்மல் ஸ்விட்சை கான்டாக்டர் காயிலோடு தொடராக இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல பேனல்களில் அந்த இரண்டு வயரும் சும்மா தொங்கும்.

போட்டபின் வருடம் ஒருமுறை மைக்ரோஃபாரட் அளக்க வேண்டும். கெப்பாசிட்டர் 40% தேய்ந்தால் டியூனிங் 3.78-ஆவது ஹார்மோனிக்கிலிருந்து (189 ஹெர்ட்ஸ்) 4.88-க்கு நகர்ந்துவிடும். அது 5-க்கு வெகு பக்கம். பிறகு அந்த ஸ்டெப்பே ஐந்தாவது ஹார்மோனிக்கை உறிஞ்ச ஆரம்பித்து எரியும்.

இன்னொன்று, 400 கேவிஏஆர் உங்களுக்குத் தேவைதானா? விஎஃப்டி-யின் அடிப்படை அலையில் (50 ஹெர்ட்ஸ்) பவர் ஃபேக்டர் ஏற்கெனவே 0.95-க்கு மேல்தான். கரன்ட் டிஎச்டி 40% இருந்தால், 0.98 இருப்பதுகூட 0.91 என்று தெரியும். இந்த இழப்பைக் கெப்பாசிட்டர் சரிசெய்யாது, கூட்டத்தான் செய்யும். தமிழ்நாட்டில் எச்டி (உயரழுத்த) சர்வீஸுக்குப் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் என்ற பயத்தில் தேவைக்கு மேல் கேவிஏஆர் வாங்கி வைத்திருக்கும் கட்டடங்கள் நிறைய.

நியூட்ரல் வேறு கதை. அதைச் சூடாக்குவது கம்ப்யூட்டர், எல்ஈடி டிரைவர் போன்ற சிங்கிள் ஃபேஸ் லோடுகளின் 3-ஆவது ஹார்மோனிக். மூன்று ஃபேஸிலிருந்தும் அது நியூட்ரலில் ஒன்றாகக் கூடும். மோசமான நிலையில் நியூட்ரல் கரன்ட் ஃபேஸ் கரன்டைப் போல் 1.73 மடங்கு வரை போகலாம். லோடைச் சமமாகப் பிரித்தாலும் இது குறையாது. மாடிகளுக்குப் போகும் ரைசர் மூன்றரை கோர் கேபிளாக இருந்தால், பாதி அளவு நியூட்ரல்தான் முதலில் வேகும். ஏதாவது ஒரு ஜாயின்ட் கருகி நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் சாதனங்களுக்கு 400 வோல்ட் வரை ஏறும். அதனால் தள்ளிப்போடாமல் முழு அளவு நான்கு கோர், தேவைப்பட்டால் இணையாக இன்னொரு நியூட்ரல் ஓட்டுங்கள். விஎஃப்டி இதற்குக் காரணமில்லை. அதற்கு நியூட்ரல் இணைப்பே கிடையாது. டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் இந்த 3-ஆவது ஹார்மோனிக் டெல்டாவுக்குள்ளேயே சுற்றும். எச்டி பக்கம் அளந்துவிட்டு "எல்லாம் சுத்தம்" என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

ஜெனரேட்டரில் ஓடும்போது ஏபிஎஃப்சி-யைத் தானாகத் துண்டிக்கும் இன்டர்லாக் வையுங்கள். ஜெனரேட்டரின் இம்பிடன்ஸ் அதிகம், ரெசனன்ஸ் இன்னும் கீழே இறங்கும். பவர் ஃபேக்டர் லீடிங் ஆனால் ஏவிஆர் (ஜெனரேட்டர் வோல்டேஜைச் சீராக்கும் கருவி) கட்டுப்பாட்டை இழக்கும்.

இதையெல்லாம் செய்தபின் கிளாஸ் ஏ அனலைசரை (மின் தரத்தைப் பதிவு செய்யும் துல்லிய மீட்டர்) ஏழு நாள் வையுங்கள்: மெயின் இன்கமர், ஏபிஎஃப்சி ஃபீடர், விஎஃப்டி பேனல், ஒரு மாடியின் நியூட்ரல். இரவு 60 ஆம்பியரில் 45% டிஎச்டி காட்டினால் பதற வேண்டாம். ஐட்ரிபிள்இ 519 (ஹார்மோனிக் வரம்புகளுக்கான தரநிலை) கரன்டுக்குப் பார்ப்பது டிடிடி. அது அதிகபட்ச டிமாண்டை வைத்து வரும் சதவீதம். எல்டி பஸ்ஸில் வோல்டேஜ் டிஎச்டி 8%-க்குள், தனி ஹார்மோனிக் 5%-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மீறினால் பெரிய விஎஃப்டி-களுக்கு 3% லைன் சோக் (டிரைவின் உள்ளீட்டில் வைக்கும் சுருள்) போடுங்கள். சோக் இல்லாத டிரைவில் 80% வரை போகும் கரன்ட் டிஎச்டி 40 வாக்கில் இறங்கும். ஃபில்டர் விலையோடு ஒப்பிட்டால் இது அற்பச் செலவு.

அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் மட்டும் ஃபில்டர். 800 ஆம்பியரில் கரன்ட் டிஎச்டி 25% என்றால் ஹார்மோனிக் கரன்ட் 200 ஆம்பியர்; 8%-க்கு இறக்க, 136 ஆம்பியராவது ஃபில்டர் ஈடுசெய்ய வேண்டும், எனவே 150 ஆம்பியர். நியூட்ரலையும் ஆற்ற வேண்டுமென்றால் நான்கு வயர் மாடல், அதுவும் மாடி பேனலிலேயே. மெயினில் வைத்தால் ரைசர் நியூட்ரல் சூடாகவே இருக்கும். கெப்பாசிட்டர் கரன்ட், ஃபில்டருக்காகக் கரன்டை அளக்கும் சிடி-க்குள் வராமல் பாருங்கள். சிடி திசை மாறினால் ஃபில்டர் ஹார்மோனிக்ஸைக் கழிப்பதற்குப் பதில் கூட்டும். அதனால் ஃபில்டர் ஆனிலும் ஆஃபிலும் ஒரே லோடில் எடுத்த அளவுகளைப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.